கடலோரத்து ஓட்டலும் என் தாத்தாவும்

ஒரு கட்டடத்தின் வரலாற்றை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? அடிக்கல் நாட்டிய நாளிலிருந்தா? கட்டியவர் பெயரிலிருந்தா? அங்கு வந்து தங்கிய பெரியோர்களின் பட்டியலிலிருந்தா? வரலாற்றுத் துறை மாணவியாகிய எனக்கு எங்கள் பேராசிரியர்கள் சான்றுகளைத் தேடும் முறைகளையெல்லாம் கற்றுத் தந்துள்ளனர். ஆயினும் நான் இங்கே எழுதப்போகும் கட்டடத்தைப் பற்றிய முதல் சான்று எனக்கு நூலகத்தில் கிடைக்கவில்லை. கோத்தகிரியில், எங்கள் வீட்டு அடுப்பங்கரையில், கணப்புக்கு முன்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருந்த என் தாத்தாவின் வாயிலிருந்துதான் கிடைத்தது.

அந்தக் கட்டடம், கொழும்புக் கடற்கரையில் நிற்கும் கோல்பேஸ் ஓட்டல்.

என் தாத்தா இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 1934 ஆம் ஆண்டு பிறந்தவர். லயத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, பன்னிரண்டு வயதில் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்தவர். தலைநகரான கொழும்பை அவர் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் கண்டார். தொழிற்சங்கத்தார் மே தினக் கூட்டத்துக்கு லாரியில் ஆள் ஏற்றிச் சென்றபோது அவரும் தொற்றிக்கொண்டார். காலிமுகத்திடலில் புல்தரையில் உட்கார்ந்து கூட்டம் கேட்டாராம். பேசியவர்கள் பேசியதெல்லாம் மறந்துவிட்டது. மறக்காதது, திடலின் தெற்கு முனையில் கடலைப் பார்த்தபடி நின்ற அந்தப் பெரிய மாளிகை.

“தொரை பங்களான்னா நாம பாத்ததெல்லாம் பங்களாவா பாப்பா? பத்துப் பதினஞ்சு பங்களாவை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினாப்ல இருந்துச்சு. வாசல்ல வெள்ளை உடுப்புப் போட்ட ஆளு. கார் வந்து நின்னா கதவைத் தொறக்கிறான். நாங்க புல்லுல உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தோம்.”

இப்படிச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் கணப்பைக் கிளறிக்கொண்டிருப்பார். பிறகு எப்போதும் அதே கேள்வி வரும்.

“அங்க குடிக்கிற தேத்தண்ணி எந்தத் தோட்டத்துக் கொழுந்தா இருக்கும்?”

சிறுமியாக இருந்தபோது இந்தக் கேள்வி எனக்கு வேடிக்கையாக இருந்தது. வரலாறு படிக்க வந்த பிறகுதான், ஒரு பெரிய பாடத்தின் தலைப்பையே தாத்தா கேள்வியாகக் கேட்டிருக்கிறார் என்பது விளங்கியது.

நூல்கள் தரும் வரலாற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இலங்கை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தபோது ஆளுநராக வந்தவர் சர் ஹென்றி வார்டு. கொழும்புக் கோட்டைக்குத் தெற்கே கிடந்த கடலோர வெளியில் உலாவும் பாதை ஒன்றை 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்தார். கொழும்பு நகரத்துப் பெண்களும் குழந்தைகளும் காற்று வாங்க இது பயன்பட வேண்டும், எனக்குப் பின் வருவோர் இதைப் பேண வேண்டும் என்ற கருத்துப்பட ஒரு கல்வெட்டும் வைத்தார். அந்தத் திடலின் தெற்கு ஓரத்தில் 1864 ஆம் ஆண்டு ஆங்கிலேய வணிகர் சிலர் சேர்ந்து தொடங்கியதுதான் இந்த ஓட்டல்.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். இலங்கையில் அப்போது தேயிலைத் தோட்டத் தொழில் பிறக்கவில்லை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது 1867 இல்தான். அதற்கு முன் மலைநாட்டை ஆண்டது காப்பி. காப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமென்று நம் தமிழ் மாவட்டங்களிலிருந்து மக்கள் கங்காணிகளின் பின்னே சென்றார்கள். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். அவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. அவர்கள் பறித்த காப்பி கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. காப்பியை வாங்க வந்த வணிகரும், தோட்டங்களை ஆள வந்த துரைமாரும் கொழும்பில் நல்ல தங்குமிடம் தேடினர். ஓட்டல் எழுந்த கதை இதுதான்.

1869 இல் இரண்டு நிகழ்ச்சிகள் ஒருசேர நடந்தன. சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டு ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே கப்பல் வழி குறுகியது. அதே ஆண்டு இலங்கைக் காப்பியில் இலைநோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பி அழிந்து தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவருக்கு 1875 இல் அடிக்கல் நாட்டி 1885 இல் முடித்தார்கள். கீழ்த்திசைக்குச் செல்லும் பயணக் கப்பல்கள் கொழும்பில் நின்று சென்றன. கப்பல் பயணிகளால் ஓட்டல் செழித்தது. 1894 இல் எட்வர்ட் ஸ்கின்னர் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் பெரிதும் விரிவடைந்தது. தாத்தா கண்டு வியந்த மாளிகை அதுதான்.

பயிர் மாறியது, பறித்த கைகள் மாறவில்லை. காப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து திரும்பிய மக்கள், தேயிலைக் காலத்தில் ஆண்டு முழுதும் வேலை இருந்ததால் குடும்பத்தோடு லயங்களில் தங்கிவிட்டார்கள். என் தாத்தாவின் பாட்டனாரும் அப்படித் தங்கியவர்களுள் ஒருவர்.

இந்த ஓட்டலின் வரலாற்றை எழுதுவோர் யாவரும் குறிப்பிடும் ஒரு மனிதர் உண்டு. அவர் அரசரும் அல்லர், ஆளுநரும் அல்லர். வாயிற்காவலர். கொட்டாரப்பாட்டு சாத்து குட்டன் என்பது அவர் பெயர். கேரளத்தில் 1920 இல் பிறந்து, பெற்றோரை இழந்து, பதினெட்டு வயதில் 1938 இல் பிழைப்புத் தேடி இலங்கைக்குப் போனவர். அதற்கு அடுத்த ஆண்டே, இலங்கை அரசு இந்தியத் தினக்கூலிகளை வேலையிலிருந்து நீக்கியதால் எழுந்த கசப்பில், கூலி வேலைக்காக இலங்கை செல்வதை இந்திய அரசு தடை செய்துவிட்டது. குட்டன் ஓராண்டு தாமதித்திருந்தால் கடலைக் கடந்திருக்கவே முடியாது.

அவர் ஓட்டலில் சேர்ந்தது 1942 இல். அவ்வாண்டு ஏப்ரல் 5 ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது குண்டு வீசின. அத்தகைய காலத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, பரிமாறுபவராகி, பின்னர் வாசலில் நின்றார். வெள்ளைச் சீருடையும் முறுக்கிய வெண்மீசையுமாக அவர் நின்ற தோற்றமே ஓட்டலின் அடையாளமாகிப் போனது. 2014 நவம்பரில் தொண்ணூற்று நான்காம் வயதில் அவர் மறைந்தபோது உலக நாளேடுகள் செய்தி வெளியிட்டன. எழுபது ஆண்டுகளுக்கு மேல் பிறருக்குக் கதவு திறந்துவிட்ட ஒரு மனிதர்!

தாத்தா புல்தரையிலிருந்து பார்த்த வெள்ளை உடுப்புக்காரர் அவர்தானா? எனக்குத் தெரிய வழியில்லை. அந்த வாசலில் நின்றவர்கள் பலராக இருக்கலாம். ஆனால் ஒன்று சொல்லலாம். அந்த மே தினத்தன்று கடல் கடந்து போன இரு குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். ஒருவர் ஓட்டலின் பணியில், மற்றவர் எதிரே புல்தரையில். வாசற்படிக்கு அப்பால் உள்ள நாற்காலி இருவருக்கும் உரியதாக இல்லை.

காலிமுகத்திடலின் தெற்கு முனையில் ஓட்டல் இருப்பதுபோல, வடக்கு முனையில் 1930 இல் திறக்கப்பட்ட பழைய பாராளுமன்றக் கட்டடம் இருக்கிறது. நடுவே ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் புல்வெளி. ஒரு முனையில் விருந்து, மறுமுனையில் சட்டம்.

நாடு விடுதலை பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே அந்த வடக்கு முனையில் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. தலைமுறை தலைமுறையாக உழைத்த மலைநாட்டுத் தமிழர்களில் பெரும்பாலோர் ஒரே நாளில் நாடற்றவராயினர். 1956 ஜூன் 5 ஆம் நாள், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் முன்வைக்கப்பட்டபோது, செல்வநாயகம் தலைமையில் தமிழ்த் தலைவர்கள் அதே திடலில் அறவழியில் அமர்ந்தனர். கும்பல் அவர்களை அடித்தது. அமிர்தலிங்கம் தலையில் கட்டுடன் பாராளுமன்றத்துக்குள் சென்றார். பெண்களும் குழந்தைகளும் காற்று வாங்கவென்று அமைத்த திடல் அன்று கண்டது இரத்தம்.

1964 இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கு. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது. 1974 இல் அதையும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். வகுப்பில் இந்த எண்களைப் பாடமாகப் படித்தபோது எல்லோரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதினேன். ஆனால் 5,25,000 என்று எழுதும்போது அதில் என் தாத்தா இருந்தார். 3,00,000 என்று எழுதும்போது அதில் அவருடைய தங்கை இருந்தார்.

ஆம்; அண்ணனுக்கு ஒரு நாடு, தங்கைக்கு ஒரு நாடு. 1971 இல் தாத்தாவும் பாட்டியும் மூன்று வயதுக் குழந்தையான என் தந்தையைத் தூக்கிக்கொண்டு தலைமன்னாரில் இராமானுஜம் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாம், குடும்ப அட்டை, பிறகு நீலகிரி. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்கென்றே 1968 இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டத்தில் மறுபடியும் அதே கொழுந்து, அதே கூடை. “கப்பல்ல ஏறினப்ப அழுதது உங்க அத்தைப் பாட்டி மட்டுந்தான். எனக்கு அழக்கூடத் தோணல” என்பார் தாத்தா. 2019 இல் அவர் காலமானார். தங்கையை மீண்டும் அவர் பார்க்கவே இல்லை.

2023 கோடை விடுமுறையில் அந்த அத்தைப் பாட்டியின் பேத்திக்கு அட்டனில் திருமணம். என் தந்தை சேமிப்பைக் கரைத்து எங்களிருவருக்கும் பயணச்சீட்டு வாங்கினார். ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, பிறந்த மண்ணை அவர் மிதித்தார். திருமணம் முடிந்து திரும்பும்போது கொழும்பில் ஒரு பகல் மீதி இருந்தது. காலிமுகத்திடலுக்குப் போகலாம் என்றேன்.

மாலை நான்கு மணி. பட்டம் விடும் பிள்ளைகள், இறால் வடை விற்கும் வண்டிகள், உப்புக் காற்று. திடலைச் சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள் எழும்பிவிட்டன. கடலையே மண்ணிட்டு மேடாக்கி ஒரு புதிய துறைமுக நகரம் உருவாகிக்கொண்டிருந்தது. தாத்தா சொன்ன மாளிகை அவற்றுக்கு நடுவே சிறியதாகத்தான் தெரிந்தது. தலைநகர் என்ற பட்டமும் இப்போது கொழும்புக்கு இல்லை. 1982 இல் பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டைக்குப் போய்விட்டது. பழைய பாராளுமன்றம் சனாதிபதி செயலகமாகிவிட்டது. அதன் முன்னே, முந்தைய ஆண்டான 2022 இல், உணவும் எரிபொருளும் இன்றி வாடிய மக்கள் மாதக்கணக்கில் கூடாரமிட்டுப் போராடி ஒரு சனாதிபதியையே பதவி விலக வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் நாட்டுப்பண்ணைத் தமிழிலும் பாடினார்கள் என்று படித்திருந்தேன். 1956 இல் தமிழுக்காக அமர்ந்தவர்களை அடித்த அதே இடம்! புல்லுக்கு நினைவிருந்தால் அது என்ன எண்ணியிருக்கும்?

ஓட்டலுக்குள் போகலாம் என்று சொன்னதும் என் தந்தை நின்றுவிட்டார்.

“நமக்கெல்லாம் எதுக்கும்மா? வெளிய நின்னு பாத்தாச்சுல்ல, போதும்.”

“தாத்தாவும் வெளியே நின்றுதானே பார்த்தார், அப்பா?”

அவர் பதில் சொல்லவில்லை. செருப்பைப் பார்த்தார், சட்டையை நேராக்கிக்கொண்டார். பிறகு நடந்தார். வாசலில் வெள்ளைச் சீருடை அணிந்தவர் கைகூப்பி ‘ஆயுபோவன்’ என்றார். நாங்கள் தமிழில் பேசிக்கொண்டது காதில் விழுந்திருக்க வேண்டும். உடனே ‘வணக்கம்’ என்று சொல்லிக் கதவைத் திறந்தார். என் தந்தை பதற்றத்தில் அவருக்கு இருமுறை வணக்கம் சொன்னார்.

உள்ளே உயர்ந்த கூரை, பளபளக்கும் மரத்தரை, பழைய படங்கள். இந்த ஓட்டலில் தங்கியவர்களாகக் கூறப்படும் புகழ்பெற்றோரின் பெயர்கள். ‘3001’ என்ற தம் புதினத்தின் இறுதிப் பகுதியை ஆர்தர் சி. கிளார்க் இங்கிருந்துதான் எழுதி முடித்தாராம். எலிசபெத் அரசியாரின் கணவர் பிலிப், கடற்படையில் இளைஞராக இருந்த காலத்தில் இலங்கையில் வாங்கி ஓட்டிய பழைய ஸ்டாண்டர்ட் கார் ஒன்றையும் துடைத்து வைத்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு எங்கள் வீட்டுத் தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது. அதில் தாத்தாவின் குடும்ப அட்டையும், மடிப்பில் கிழிந்துபோன பழைய கடவுச்சீட்டும் இருக்கின்றன. ஒருவர் ஓட்டிய கார் வரலாறு என்றால், ஒருவர் நாடு மாறிய காகிதம் வரலாறு இல்லையா?

கடலைப் பார்த்த தாழ்வாரத்தில் அமர்ந்தோம். கீழே கறுப்பும் வெளுப்புமாகச் சதுரங்கப் பலகை போன்ற முற்றம், அதற்கப்பால் அலை. பரிமாற வந்த இளைஞரிடம், “இந்தத் தேநீர் எந்தத் தோட்டத்துக் கொழுந்து?” என்று கேட்டேன். அவர் புன்னகையுடன் அட்டையை நீட்டினார். நுவரெலியா, ஊவா, திம்புள்ள என்று வட்டாரப் பெயர்கள். மஸ்கெலியா எந்த வட்டாரத்தில் சேரும் என்று கேட்டேன். திம்புள்ள என்றார். இரண்டு கோப்பை கேட்டோம்.

பொன்னிறத் தேநீர், மெல்லிய பீங்கானில் வந்தது. என் தந்தை சட்டென்று குடிக்கவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு திடலையே பார்த்துக்கொண்டிருந்தார். புல்தரையில் ஒரு குடும்பம் உட்கார்ந்து எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. பிறகு ஒரு மிடறு குடித்தார்.

“உங்க தாத்தா போடுற தேத்தண்ணி இதைவிட நல்லாருக்கும்” என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சூரியன் சாயும் நேரத்தில் முற்றத்துக் கொடிக்கம்பத்திலிருந்து கொடியை இறக்கினார்கள். நாள்தோறும் நடக்கும் சடங்காம். விருந்தினர் எல்லோரும் எழுந்து நின்றனர். அந்த மண்ணில் பிறந்தும் அந்தக் கொடிக்கு உரியவராக ஏற்கப்படாத என் தந்தையும் எழுந்து நின்றார். அவர் மனத்தில் என்ன ஓடியது என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

நண்பர்களே, விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்த மொழி நம் மொழி. விருந்தை உண்டவரை வரலாறு எளிதில் நினைவில் வைத்துக்கொள்கிறது. விளைவித்தவரையும், சுமந்தவரையும், கதவு திறந்தவரையும் அரிதாகவே நினைக்கிறது. குட்டன் ஒருவருக்காவது பெயர் கிடைத்தது. மன்னார்க் காட்டில் விழுந்தவர்களுக்கும், மலைச்சரிவில் கூடை சுமந்தவர்களுக்கும் பெயர் எழுத வேண்டியவர்கள் வேறு யாருமில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம்தாம். நம் கல்லூரியில் என்னைப் போல மண்டபம் வழியாக வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். ஒருமுறை திறந்து பாருங்கள். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். நான் பாதியைத்தான் கேட்டேன்.

கோத்தகிரிக்குத் திரும்பிய மறுநாள் காலை, தாத்தாவின் படத்துக்கு முன்னால் ஒரு கோப்பைத் தேநீர் வைத்தேன். எங்கள் தோட்டத்துத் தேயிலைதான்.

“தாத்தா, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அது உங்கள் பக்கத்துக் கொழுந்துதான்” என்று சொன்னேன்.